நூற்றுப் பதினான்காம் பக்கம்

இரண்டு புள்ளி ஆறு ஒன்று.
எண்ணாக எழுதினால் சின்னதாகத் தெரிகிறது,
எழுத்தாக எழுதினால் கொஞ்சம் கனம் கூடுமோ என்று
முனைவர் பட்ட விண்ணப்பத்தில் முயன்று பார்த்தேன்.
கட்டத்தில் நான்கு எழுத்துக்குத்தான் இடமிருந்தது.

காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல
நல்ல கதையொன்று உண்டு:
பாயான் லெப்பாஸ் சில்லு ஆலை, இரவு ஷிப்ட்,
கண்ணைத் தவிர எல்லாம் மூடிய வெள்ளை உடுப்பு,
காலை எட்டுக்கு உயிர்வேதியியல்.
அத்தனையும் உண்மை.
ஆனால் ஷிப்டே இல்லாத ஒரு பருவத்தில்தான்
புள்ளியியலில் சி மைனஸ் வாங்கினேன்.
அந்தப் பருவத்தைக் கதையில் சேர்ப்பதில்லை.

பட்டத்துக்குப் பிறகு கொசு வளர்த்தேன்.
குளுகோர் வளாகத்தின் பின்கட்டடம்,
தட்டுக்கு இருநூறு புழு, ஈஸ்ட், ஈரல் பொடி,
மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி,
ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம்.
நான்கு வருடம்.
கல்யாண வீடுகளில் யாராவது என் வேலையைக் கேட்டால்
அம்மா, "யுனிவர்சிட்டியில" என்று நிறுத்திக்கொள்வாள்.
அப்பா, "கொசு" என்று முடித்துவைப்பார்.

எண்ணும்போது மனசு எங்கும் போவதில்லை.
தேர்வறையில் ஒருநாளும் வாய்க்காத அமைதி:
வெள்ளைத் தட்டு, ஒரு சொட்டுக்குழல்,
தண்ணீரில் நெளிகிற காற்புள்ளிகள்.
கிண்ணத்துக்கு இருபத்தைந்து.
இருபத்தைந்து.
இருபத்தைந்து.

நேர்காணலில் மூவர்.
ஒருவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.
எண் மாறவில்லை.
இன்னொருவருக்கு எங்கோ போகவேண்டியிருந்தது.
டாக்டர் ஊய் பெக் சிம்
நான் கொண்டுபோன ஆய்வகக் குறிப்பேடுகளில் ஒன்றை உருவினார்.
தண்ணீர்க் கறை, கோணல் கையெழுத்து,
ஓரத்தில் நசுங்கிக் காய்ந்த ஒரு கொசு
(ஏடிஸ், பெண்).

"நூற்றுப் பதினான்கு. இது என்ன?"

வயிறு சுருண்டது.
தீபாவளிக்கு மறுநாள் அது, தூக்கக் கலக்கம்.
பத்து மடங்கு நீர்க்கவேண்டிய மருந்தை
அப்படியே ஊற்றியிருக்கிறேன்.
எல்லாப் புழுவும் செத்தன.
அழகான முடிவு. கூட்டத்தில் அதைச் சொல்லி
ஆளாளுக்குக் கைகூடக் குலுக்கியாகிவிட்டது.
மூன்று நாள் கழித்துப் புட்டியைக் கழுவும்போதுதான்
எனக்குத் தெரிந்தது.
எனக்கு மட்டும்.

பக்கத்தின் கீழே சிவப்பில் இருந்தது:
கரைசல் கலந்தது தவறு. தவறு என்னுடையது.
மூன்று நாள் கணக்கும் செல்லாது.
மறுபடி தொடங்குகிறேன். மாலை 6.40.
பக்கத்தில் கையொப்பம்.

"கவனக்குறைவு, டாக்டர்" என்றேன்.
அவர் தாளைத் திருப்பினார்.
நூற்றுப் பதினைந்து. கிண்ணம் ஒன்று. இருபத்தைந்து.
வேறெதுவும் கேட்கவில்லை.
மஞ்சள் சீட்டொன்றை அந்த இடத்தில் செருகி
குறிப்பேட்டைக் கண்ணாடிக்காரர் பக்கம் நகர்த்தினார்.

கேண்டீனில் நோராஸ்லின் கேட்டாள், எப்படிப் போனது?
செய்த தப்பைக் காட்டிவிட்டு வந்தேன் என்றேன்.
தன் மீ கோரிங்கில் பாதியை என் தட்டில் தள்ளினாள்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம்.
புஷ்பலீலா, நடுவில் ஓர் அனாக் பெரெம்புவான்,
அப்பாவின் பெயர், அப்புறம்
நிபந்தனையுடன் என்றொரு சொல்.
புள்ளியியலை மறுபடி படிக்கவேண்டுமாம்,
இளங்கலைப் பிள்ளைகளோடு. பி-க்குக் குறையக்கூடாது.
அப்பா இரண்டு முறை படித்தார்.
"கொசு டாக்டரா?"
"இன்னும் இல்லப்பா."

திங்கட்கிழமை.
அதே விரிவுரை அரங்கு, அதே ஓடாத மின்விசிறி.
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன்
விரிவுரையாளர் என்று நினைத்து எழுந்து வழிவிட்டான்;
பக்கத்திலேயே உட்கார்ந்ததும் திகைத்தான்.
பலகையில்
'சராசரியிலிருந்து விலகல்' என்று எழுதினார்கள்.
இருவரும் எழுதிக்கொண்டோம்.
நடுவில் அவன் மெல்ல, ரப்பர் இருக்கிறதா என்றான்.

நான் வைத்துக்கொள்வதில்லை.